கேக்காம குடுத்த மாத்திரை

மருந்துக் கடைக்குப் போனமா, வாங்கினமா, வந்தமான்னு இருக்கணும். எங்க சங்கரன்கோவில்ல எல்லா மெடிக்கல்லயும் அப்படித்தான். ராஜபாளையம் ரோட்டுல அந்த அண்ணாச்சி கடையில மட்டும் முதல்ல பரீட்சை எழுதிப் பாசாகணும். அப்பறம்தான் மாத்திரை.

எங்க பக்கம் சளி, தும்மல்னா டாக்டருகிட்ட யாரும் போறதில்ல. "ஒரு செட் குடுங்க"ன்னு கேட்டாப் போதும். வெள்ளை ஒண்ணு, மஞ்சள் ஒண்ணு, கேப்சூல் ஒண்ணு, மூணையும் அட்டையில இருந்து கத்தரிச்சு ஒரு பேப்பர் கவர்ல போட்டு நீட்டிருவாங்க. என்ன மாத்திரை, எதுக்குன்னு வாங்குறவனும் கேக்க மாட்டான், விக்கிறவனும் சொல்ல மாட்டான். போட்டா மூக்கு காஞ்சிரும். அதுக்கு மேல நமக்கு என்ன வேணும்?

இந்த அண்ணாச்சி கத்திரியை எடுப்பாரு. எடுத்துக் கையிலயே வச்சுக்கிட்டு ஆரம்பிப்பாரு. "யாருக்கு? வயசு எத்தனை? பிரஷர் உண்டா? கண்ணுல நீர் அழுத்தம்னு டாக்டர் யாரும் சொல்லியிருக்காவளா? ஒண்ணுக்குத் தாராளமாப் போகுதா? வேற மாத்திரை ஏதும் ஓடுதா? போட்டுட்டு வண்டி ஓட்டுவியளா?" பின்னால பத்துப் பேரு நிப்பாங்க. பஸ்சு கெளம்பும். அவருக்கு ஒண்ணும் கிடையாது. பதில் வாராம கத்திரி நகராது.

"மாத்திரை வாங்க வந்தனா, பொண்ணு கேக்க வந்தனா வே"ன்னு ஒரு ஆளு கேட்டே கேட்டுட்டாரு. அண்ணாச்சி சிரிக்கல. கோவப்படவும் இல்ல. கண்ணாடிக்கு மேல பாத்துக்கிட்டே, "பிரஷர் உண்டா?"ன்னாரு.

பனவடலிசத்திரத்துல இருந்து தினமும் பஸ்சுல வருவாரு. ஒல்லி உடம்பு, வெள்ளைச் சட்டை, பையில ரெண்டு பேனா. வேடிக்கை என்னன்னா அவருக்கே தும்மல் உண்டு. காலையில கடையைப் பெருக்கும்போது வரிசையா எட்டுத் தும்மல் வரும், நான் எண்ணியிருக்கேன். "கடை நிறைய மாத்திரைய வச்சுக்கிட்டு ஒண்ணு போட்டா என்ன அண்ணாச்சி?"ன்னு கேட்டேன். "கண்ணு சொக்கி நான் மாத்தி எடுத்துக் குடுத்துட்டேன்னா?"ன்னாரு. ஈரத்துண்டை மூக்கைச் சுத்திக் கட்டிக்கிட்டு மிச்சத்தையும் பெருக்கினாரு.

நான் அப்ப வீட்டுல தார் சுத்திக்கிட்டிருந்தேன். தறியில குறுக்க ஓடுற நூலைக் கட்டையில சுத்திக் குடுக்குற வேலை. வீட்டுக்குப் பின்னால ஷெட்டுல நாலு பவர்லூம் ஓடும். பஞ்சு பறந்து வந்து சோத்துப்பானை, சாமி படம், தலைமுடின்னு எல்லாத்துலயும் படியும். கல்யாணமாகி வந்த மூணாம் மாசம் தும்ம ஆரம்பிச்சவ, அப்பறம் நிறுத்தவே இல்ல. அதனால அண்ணாச்சி கடைக்கு நான் நிரந்தர வாடிக்கை.

"இந்த மாத்திரை பஞ்சைக் கரைச்சிருமா அண்ணாச்சி?"ன்னு ஒருநாள் கேட்டேன். கேள்வி கேக்குறவர்கிட்ட நாம ஒண்ணு கேட்டா என்னன்னு ஒரு குசும்புதான். மனுசன் கடையில ஆள் நிக்கதையும் மறந்துட்டாரு.

"பஞ்சை அது ஒண்ணும் பண்ணாதும்மா. பஞ்சு மூக்குல பட்டதும், எவனோ எதிரி வந்துட்டான்னு உங்க உடம்பு பயந்துபோயி ஒரு சரக்கை இறக்கிவிடும். அது மூக்குல உக்காந்தாத் தும்மல், கண்ணுல உக்காந்தா அரிப்பு. மாத்திரை என்ன செய்யும்னா, அது உக்காரப்போற சீட்டுல இது முந்திப் போயித் துண்டைப் போட்டு எடம் பிடிச்சுக்கிடும். நம்ம பஸ்ஸ்டாண்டுல செய்யுதோம்லா, அதுதான். துண்டு கிடக்க வரைக்கும் தும்மல் இல்ல."

"அப்ப தூக்கம் எதுக்கு வருது?"

"பழைய மாத்திரைக்கு வெவரம் பத்தாது. மூக்குல போடச் சொன்னா மூளையிலயும் போயித் துண்டைப் போடும், மூத்திரப்பையிலயும் போடும். புதுசு அவ்வளவு தூரம் போகாது. இருந்தாலும் சில பேருக்கு அதுலயும் சொக்கும். உங்களுக்குச் சொக்குதா?"

பாத்தியளா, அங்கன சுத்தி இங்கன சுத்தி மறுபடியும் கேள்விதான். எனக்கு அவரு புதுசைத்தான் குடுப்பாரு. மாத்திரை போடுறதை விட மூக்கை மூடித் துணி கட்டிக்கிட்டுத் தார் சுத்துங்க, அதுதான் வைத்தியம்னும் சொன்னாரு. நான் கட்டல.

இன்னொரு நாள், இளையரசனேந்தல் பக்கத்துல வெவசாயம் பண்ணுற சம்சாரி ஒருத்தரு வந்தாரு. வேற ஏதோ கடையில வாங்கின செட்டு மடியில இருந்துச்சு. அதோட காய்ச்சல் மாத்திரையும் தனியாக் கேட்டாரு. அண்ணாச்சி அந்தக் கவரை வாங்கிப் பிரிச்சு, அட்டையில உள்ள பொடி எழுத்தைப் படிச்சாரு. "இந்தச் சளி மாத்திரைக்குள்ளயே காய்ச்சல் மருந்து இருக்கு. ரெண்டையும் சேத்துப் போட்டா ஈரல் கெட்டுரும்"னாரு. சம்சாரிக்குக் கோவம் வந்துருச்சு. "ரெண்டு போட்டா சீக்கிரம் கேக்குமேன்னு பாத்தேன். நீங்க என்ன, யாவாரத்தை வேண்டாங்கியளே"ன்னு முணங்கிட்டுப் போனாரு. இப்படி வாசல் வரைக்கும் வந்த யாவாரத்தை அண்ணாச்சி எத்தனையோ விட்டிருக்காரு.

இவ்வளவு கேக்குற மனுசனுக்கு ஒரு கிறுக்கு உண்டு. கேப்பாரு, ஆனா வந்த பதிலை அப்படியே நம்பிருவாரு. பூ மார்க்கெட்டுக்கு மினிவேன் ஓட்டுற தம்பி ஒருத்தன். மல்லிகைப்பூ அவனுக்கு ஆகாது, ஓட்டுறது பூ வண்டி, அவன் தலையெழுத்து அப்படி. சாவி விரல்ல ஆடிக்கிட்டிருக்கு, "இன்னைக்கு வண்டி எடுக்கல அண்ணாச்சி"ன்னு சொல்லுதான். இவரும் குடுத்துட்டாரு. அவன் போனதும் நான் கேட்டேன், "சாவியைப் பாக்கலையா நீங்க?"

"பாத்தேன். எடுக்கலைன்னு சொல்லுதாரே. சொல்லை நம்பாம எப்படிம்மா கடை நடத்த?"

அவரை ஏமாத்தணும்னா ஒரு வார்த்தை போதும். ஊருல பாதிப்பேரு அப்படித்தான் ஏமாத்தினாங்க. நான் ஏமாத்தினது அந்தக் கணக்குல வராது. சொல்லுதேன்.

எனக்குக் கல்யாணமாகி அப்ப ஒம்பது வருசம். பிள்ளை இல்ல. தும்மல் மாத்திரைக்குப் போகும்போதெல்லாம் அண்ணாச்சி கேக்குற முதல் கேள்வி, "முழுகாம இருக்கியளாம்மா?" இருந்தா மாத்திரையை யோசிச்சுத்தான் குடுக்கணுமாம். நியாயம்தான். ஆனா அவருக்குக் குரலைத் தாழ்த்தத் தெரியாது. ரோட்டுக்கு அந்தப்பக்கம் வரைக்கும் கேக்கும். "இல்ல"ம்பேன். மாசத்துக்கு ரெண்டு தடவை, ஒம்பது வருசமா, நடுரோட்டுல நின்னு "இல்ல, இல்ல"ன்னு சொல்லுதேன். எனக்கு எப்படி இருந்திருக்கும்?

அந்த மாசம் பதினோரு நாள் தள்ளிப்போச்சு. கோயில் புத்துமண்ணை வயித்துல பூசிக்கிட்டு, யாருகிட்டயும் சொல்லாம, தும்மல் உயிரை எடுத்தாலும் மாத்திரை போடாம இருந்தேன். பன்னெண்டாம் நாள் எல்லாம் போச்சு. அன்னைக்குச் சாயங்காலம் மாத்திரைக்குப் போனேன். கூட எங்க மதினி, அதான் வீட்டுக்காரரோட அக்கா. தெருப் பொம்பளையளும் ரெண்டு பேரு நிக்காவ. அண்ணாச்சி கத்திரியை எடுத்தாரு. "முழுகாம இருக்கியளாம்மா?"

எனக்குள்ள என்னமோ அறுந்துபோச்சு. அண்ணாச்சின்னு கூப்பிட்ட வாய், நீரு உமருன்னு போயிருச்சு.

"ஏன்வே, உமக்கு வேற சோலி கிடையாதா? ஊருல உள்ளவ வயித்தையெல்லாம் வேவு பாக்கத்தான் கடை வச்சிருக்கீரா? மாத்திரை கேட்டா மாத்திரையைக் குடும். இனிமே எங்க வீட்டு ஆளுகிட்ட நீரு எதுவும் கேக்கப்பிடாது. எங்க வீட்டுக்கு யாருக்குக் கேட்டாலும் வாயைத் தொறக்கப்பிடாது, சொல்லிட்டேன்."

"நல்லாக் கேளு தாயி"ன்னு பின்னால ஒரு குரல். நாலஞ்சு பேரு சிரிச்சாங்க. அந்தச் சிரிப்பு எனக்குத் தெம்பா இருந்துச்சு, பொய் சொல்ல மாட்டேன். அண்ணாச்சி முகம் சுண்டிப்போச்சு. "சரிம்மா"ன்னாரு. மாத்திரையை வெட்டிக் குடுத்தாரு.

சொன்னா சொன்னபடி நின்னாரு. அடுத்த தடவை நான் போனதும் ஒரு வார்த்தை பேசாம எடுத்துக் குடுத்தாரு. எனக்கு முன்னால நின்னவங்ககிட்டக் கேட்டாரு, பின்னால வந்தவங்ககிட்டக் கேட்டாரு. என்கிட்ட மட்டும் இல்ல. நானும் பெரிய போருல ஜெயிச்சவ மாதிரி வந்துக்கிட்டு இருந்தேன்.

எங்க மாமனாருக்கு எழுவது தாண்டியிருச்சு. கொஞ்ச நாளாவே அவருக்கு ஒண்ணுக்குப் போறதுல சிரமம். மணிக்கொரு தடவை பாத்ரூமுக்குப் போவாரு, உள்ள போனா வர மாட்டாரு, சத்தம் கேக்கக்கூடாதுன்னு பைப்பைத் தொறந்து விட்டுக்கிடுவாரு. துவைக்கிற கல்லு பக்கத்துலயே இருக்கதால எனக்குத் தெரிஞ்சுபோச்சு. எனக்குத் தெரியும்னு அவருக்கும் தெரிஞ்சுபோச்சு. ஒருநாள் நிலத்தைப் பாத்துக்கிட்டே சொன்னாரு, "தாயி, எம்மவன்கிட்டச் சொல்லிராத. ஆஸ்பத்திரிக்கு இழுத்துட்டுப் போயித் துணியை அவுக்கச் சொல்லுவான்." நான் சொல்லல. அந்த வீட்டுல என்னையும் ஒருத்தர் நம்பி ஒண்ணு சொன்னாருன்னு எனக்கு உள்ளுக்குள்ள பெருமைகூட.

மார்கழிப் பனியில மாமாவுக்குச் சளி பிடிச்சுது. நான்தான் கடைக்குப் போனேன்.

"மாமாவுக்குச் சளி. மூணு நாளைக்குச் செட் குடுங்க."

கத்திரியை எடுத்தவரு நின்னாரு. கண்ணாடிக்கு மேல என்னைப் பாத்தாரு. வாய் கொஞ்சம் தொறந்துச்சு. நான் முறைச்சேன். பழைய கோவம் ஒண்ணும் இல்ல, ஜெயிச்சதை விட்டுக் குடுக்கக் கூடாதுன்னு ஒரு வீம்பு. வாயை மூடிக்கிட்டாரு. வெட்டினாரு, கவர்ல போட்டாரு, குடுத்தாரு.

கேட்டிருந்தா நான் சொல்லியிருப்பேனா? எத்தனையோ தடவை என்னையே கேட்டுப் பாத்துட்டேன். மாமனாரு ஒண்ணுக்குப் போறதைப் பத்தி நாலு ஆம்பளை நடுவுல மருமக எப்படிச் சொல்லுவா? ஆனா அண்ணாச்சி விட மாட்டாரே. பதில் வாராம கத்திரி நகராதே. சொல்லியிருப்பேன். முணுமுணுன்னாவது சொல்லித்தான் இருப்பேன்.

ரெண்டாம் நாளே சளி காஞ்சுபோச்சு. நல்ல மருந்துன்னு மாமாவே சொன்னாரு. அன்னைக்குச் சாயங்காலம் சோறு வேண்டாம்னுட்டாரு. மறுநாள் காலையில பாத்ரூம்ல பைப்பு ஓடிக்கிட்டே இருக்கு, ஆளு வெளிய வரல. கதவைத் தட்டித் தொறந்து பாத்தா, சுவத்துல சாஞ்சுக்கிட்டு வேர்த்துப்போயி நிக்காரு. அடிவயிறு கல்லு மாதிரி வீங்கியிருக்கு. முந்தின நாள் மத்தியானத்துல இருந்து ஒரு சொட்டுப் போகலைன்னு அப்பத்தான் சொன்னாரு. மனுசன் அவ்வளவு வலியையும் வெக்கத்துல பொத்தி வச்சிருக்காரு.

ஆட்டோவுல ஏத்தி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். குழாய் போட்டு எடுத்தாங்க. அங்கன இருந்து திருநெல்வேலிக்கு. தேங்கின மூத்திரத்துல கிருமி சேந்து ரத்தத்துல ஏறிருச்சுன்னாங்க. ஆறாம் நாள் மாமா போயிட்டாரு.

நடுவுல டாக்டர் எங்க வீட்டுக்காரர்கிட்டக் கேட்டாரு, "சளி மாத்திரை ஏதாவது குடுத்தியளா?" நான் கவரை எடுத்து நீட்டினேன். டாக்டர் அட்டையைத் திருப்பிப் பாத்தாரு. வயசான ஆம்பளையளுக்கு மூத்திரப்பைக்குக் கீழ சுரப்பி வீங்கி வழி ஏற்கெனவே குறுகியிருக்கும், அப்படி இருக்கவருக்கு இந்த மாத்திரை பையை மந்தமாக்கி, மூக்கடைப்புக்குச் சேத்த மருந்து வழியையும் இறுக்கிப்பிடும்னு சொன்னாரு. "முன்னாலயே சிரமம் இருந்துச்சா?"

"அப்படி ஒண்ணும் இல்லையே சார்"னு எங்க வீட்டுக்காரவிய சொன்னாவ. இவியளுக்குத் தெரியாது. தெரிஞ்சவ நான் முதுகுக்குப் பின்னால நிக்கேன். பிள்ளை இல்லாதவளை இன்னும் எத்தனை நாளைக்குடா வச்சிருக்கப்போறன்னு மதினி அதுக்கு முன்னாலயே தம்பிகிட்ட ஓதிக்கிட்டிருந்தா. இப்ப மாமனாரைக் கொன்னவளாவும் ஆயிட்டா நான் எங்க போவேன்? வாயைத் தொறக்கல.

காரியம் முடிஞ்ச ரெண்டாம் நாள், கடையைப் பூட்டிட்டு அண்ணாச்சி துக்கம் கேக்க வந்தாரு. பந்தல்ல பிளாஸ்டிக் சேர்ல உக்காந்தாரு. டாக்டர் சொன்னதை இவிய அவருகிட்டச் சொன்னாவ. குத்தமாச் சொல்லல, நடந்ததைச் சொன்னாவ. அண்ணாச்சிக்கு நெத்தியெல்லாம் வேர்த்துருச்சு. எந்திரிச்சு நிலைப்படிகிட்ட வந்தாரு. நான் உள்ள நின்னேன், பக்கத்துல மதினி.

"அம்மா, ஒரு வார்த்தை கேக்கலாமா?"ன்னாரு. என்கிட்ட அனுமதி கேக்காரு. "மாமாவுக்கு முன்னாலயே ஒண்ணுக்குப் போறதுல சிரமம் இருந்துச்சா?"

மதினி என்னைப் பாக்கா. இவிய பாக்காவ.

"இல்ல அண்ணாச்சி"ன்னேன்.

"அப்ப நான் கேட்டிருந்தாலும் பிரயோசனம் இருந்திருக்காது"ன்னு மெதுவாச் சொன்னாரு. அவருகிட்ட மெல்லிசாக் குரல் உண்டுன்னு அன்னைக்குத்தான் தெரிஞ்சுது. செருப்பை மாட்டிக்கிட்டுப் போயிட்டாரு.

அவரு மனசுல இருந்த பாரத்தை எறக்கி வச்சுட்டேன், நல்லதுதான் செஞ்சேன்னு நாலு நாள் சமாதானம் சொல்லிக்கிட்டேன். அப்பறம் தறிக்கு வந்த ஆளு ஒருத்தன் சொன்னான், "மெடிக்கல் அண்ணாச்சி திருந்திட்டாருக்கா. கேட்டதும் குடுத்துருதாரு." ஊருக்கே சந்தோசம். கடையில கூட்டம் கூடிருச்சு. என் சொல்லை அவரு சந்தேகப்படவே இல்ல. சிரமமே இல்லாத ஆளும் இந்த மாத்திரையில செத்துப்போவான்னா, இத்தனை வருசம் கேட்ட கேள்வியெல்லாம் சும்மாதானேன்னு முடிவு பண்ணிட்டாரு.

நாலஞ்சு மாசம் அந்தப் பக்கமே போகல. பெறகு ஒருநாள் போனேன். சொல்லிரணும்னுதான் போனேன். போயி நின்னதும் திரும்பிரலாம்னு நினைச்சேன். அப்ப ஒரு பொண்ணு இடுப்புல கைப்பிள்ளையோட அவசரமா வந்தா. பிள்ளைக்கு மூக்கு ஒழுகுது.

"அண்ணாச்சி, சளிக்கு சிரப்பு ஒண்ணு குடுங்க. மெட்ராசுக்குப் போறோம். பஸ்சுல அழாம தூங்கிட்டு வந்தாப் போதும்."

முன்னெல்லாம் நாலு வயசுக்குக் கீழன்னா அந்தப் பாட்டிலை அவரு தொடவே மாட்டாரு. பச்சைப்பிள்ளைக்கு அது மூச்சையே மந்தமாக்கிரும்னு சண்டை போட்டிருக்காரு. அன்னைக்குத் திரும்பினாரு, எடுத்தாரு, மேசையில வச்சாரு.

"பிள்ளைக்கு எத்தனை மாசம்மா?"ன்னு நான் கேட்டுட்டேன்.

"கடைக்காரரே கேக்கல. நீங்க யாரு கேக்க?"ன்னா அந்தப் பொண்ணு.

அண்ணாச்சி என்னைப் பாக்காமலே சொன்னாரு, "விடும்மா. கேட்டு என்ன ஆகப்போகுது."

அதுக்கு மேல என்னால முடியல. "ஆகும் அண்ணாச்சி. எங்க மாமாவுக்குச் சிரமம் இருந்துச்சு. எனக்குத் தெரியும். உங்ககிட்டப் பொய் சொல்லிட்டேன். நீங்க கேட்டிருந்தா நான் சொல்லியிருப்பேன். அவரு பிழைச்சிருப்பாரு."

கடையில ஏழெட்டுப் பேரு நின்னாங்க. அண்ணாச்சி ரெண்டு கையாலயும் மேசையைப் பிடிச்சுக்கிட்டாரு. அவரு முகத்துல நான் எதைப் போட்டு உடைச்சேன்னு எனக்குத் தெரிஞ்சுது. கேள்வியைத் திருப்பிக் குடுக்கணும்னா மாமா சாவோட பாரத்தையும் சேத்துத்தான் அவருக்குக் குடுக்கணும், தனியாக் குடுக்க வழியில்ல.

அப்பறம் அந்தப் பாட்டிலைத் தன் பக்கம் இழுத்துக்கிட்டாரு. "எத்தனை மாசம்மா?"ன்னு அந்தப் பொண்ணுகிட்டக் கேட்டாரு.

"ஏழு."

"இது குடுக்கக் கூடாது. உப்புத்தண்ணிச் சொட்டு மருந்து தாரேன், மூக்குல விடுங்க. மூச்சு வாங்கினாலோ பால் குடிக்கலைன்னாலோ பஸ் ஏறாம ஆஸ்பத்திரிக்குப் போங்க. காய்ச்சல் இருக்கா?"

நான் மாத்திரை கேக்கல. அவரும் என்னைத் திரும்பிப் பாக்கல. அந்தக் கடைக்கு அதுக்குப் பெறகு நான் போனதில்ல. அவரு மறுபடியும் எல்லாரையும் கேட்டுத் தொல்லை பண்ணுதாருன்னு ஊரு அலுத்துக்கிட்டது காதுல விழும். போன வருசம் கடையை யாருக்கோ குடுத்துட்டு ஊரோட போயிட்டாரு. இப்ப அங்கன கேட்டதும் குடுத்துருதாங்க.

அன்னைக்கு நான் வீடு போயிச் சேருறதுக்கு முந்தி சேதி போயிருச்சு. மதினி வாசல்லயே நின்னு என்னை வாங்கு வாங்குன்னு வாங்கினா. வாங்கட்டும், அது எனக்கு வேண்டியதுதான். இவிய ஷெட்டுக்குள்ள நின்னாவ. அறுந்த நூலை முடிஞ்சுக்கிட்டே என்னை ஒரு பார்வை பாத்தாவ, திரும்பித் தறியை ஓட்டிவிட்டாவ.

என்னை அனுப்பல. அடிக்கல. வேற கல்யாணமும் பண்ணிக்கிடல. சோறு போட்டா சாப்பிடுதாவ, காய்ச்சல்னா தைலம் வாங்கியாந்து தலைமாட்டுல வைக்காவ. ஆனா அப்பாவுக்கு என்ன ஆச்சு, நீ ஏன் சொல்லலைன்னு இன்னைக்கு வரைக்கும் என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல. கேட்டா எல்லாத்தையும் சொல்லிருவேன். கேக்க மாட்டேங்காவ.